குண்டசாலைக்கு மேலே ஒரு கல்

குண்டசாலை மைதானத்துக்குப் பக்கத்தில் எங்கள் த்ரீவீலர் பஞ்சராகி நிற்கிறது. டிரைவர் வண்டிக்குக் கல்லை அண்டக் கொடுத்து டயரைக் கழற்றுகிறார். இருட்டத் தொடங்கிவிட்டது. மைதானத்தில் இரண்டு பேர் தொலைநோக்கியில் கேமராவை மாட்டிவிட்டு லேப்டாப்பைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள்.

"என்ன தம்பி பார்க்குறீங்க?" என்று கிட்டப் போய்க் கேட்கிறேன்.

"பூமிக்குக் கிட்ட ஒரு சிறுகோள் போகுதுண்ணே. பெரிய கல்லு. வீடியோ எடுக்குறோம்," என்கிறார் ஒருவர். பெயர் செல்வம், பகலில் பேராதனையில் கிளார்க்காம்.

"போகுதா, வருதா?"

"பயப்படாதீங்க, நிலாவ விடத் தூரம்."

ஆனால் அவருடைய கூட்டாளி ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பைக்கில் வந்தவர், குளிருக்குப் போட்டிருக்கிறாராம். பக்கத்து மாத்தளைக்காரனான என்னிடமே குளிர்க் கதையா? தலையில் கல் விழும் என்ற பயத்தில்தான் போட்டிருப்பார்.

திடீரென ஹெல்மெட்காரர் கத்துகிறார்: "விழுந்துருச்சு!"

அடுத்த நொடி நான் த்ரீவீலருக்கு அடியில் கிடக்கிறேன். டிரைவர் தலையில் அடித்துக்கொள்கிறார். செல்வம் ஓடி வந்து குனிகிறார்.

"படத்துல விழுந்துருச்சுண்ணே! அழகா பதிவாயிருக்கு. மொதல்ல வெளிய வாங்க, வண்டி ஒத்தக் கல்லுலதான் நிக்குது!"

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"அந்தப் படத்த இங்க கொண்டாந்து காட்டுங்க தம்பி," என்கிறேன்.