தேவகுமாரி படித்த சிரிப்பு

தேவகுமாரிக்கு அந்த வகுப்பே குமட்டியது. எண்பத்தாறில் அவள் படித்த சேலத்துக் கல்லூரியில், சனிக்கிழமை மதியங்களில் நகைச்சுவை எழுத்தும் நடிப்பும் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்தவர் சிங்கராயர். ஊர் ஊராகக் கோமாளி வேஷம் கட்டி ஓய்ந்த மனுஷர். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டேதான் பாடம் நடத்துவார். குண்டாக இருப்பவளைக் கீழே விழவை, திக்குவாய்க்காரியைப் பேசவிடு, அவ்வளவுதான் அவர் பாடம். முன் பெஞ்சுப் பெண்கள் மேலே தெறித்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள். இதற்கெல்லாம் ஒரு சிரிப்பா!

அவளும் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தாள். அவள் அப்பா மரியதாஸ் ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். அங்கே முதலாளியின் நாய் காணாமல் போன அன்று, பழம் பறிக்க வந்த ஆட்களையெல்லாம் கணக்கு எழுதும் ரைட்டர் நாய் தேட விரட்டிய கதை. ஆளுக்கொரு தெருநாயோடு திரும்பி வருவார்கள். சிங்கராயர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மொதலாளியப் பாத்து எவம்மா சிரிப்பான்? எளச்சவளக் காட்டு, சிரிப்பான்.”

அவரே ஒன்று எழுதினார். மலையிலிருந்து டவுனுக்கு வந்த பெண் டியூப்லைட்டை வாயால் ஊதி அணைக்கப் பார்க்கிறாள். முகமெல்லாம் கரி, தோளில் கிழிந்த கம்பளி. அந்த வேஷம் தேவகுமாரிக்கு. மறுத்தால் வகுப்பிலேயே இடமில்லை என்றார். மேடையோ ஏற்காட்டுக் கோடை விழா. பெற்றவர்கள் வந்து முன்னால் உட்காரப் போகிறார்கள். அந்த மூஞ்சியோடு அப்பாவுக்கு எதிரே நிற்பதை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விழா அன்று, பஸ் ஏறுவதற்கு முன் சிங்கராயர் எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துப் போனார்.

“ஏனுங்க சார், மலையேறுறப்ப எண்ணெப் பலகாரம் வேண்டாமுங்க. வளைவு நொம்ப ஜாஸ்திங்க” என்றாள் தேவகுமாரி.

“டியூப்லைட்ட ஊதுறவ எனக்குச் சொல்ல வந்துட்டா” என்று இன்னொரு தட்டு பூரி வரவழைத்தார்.

பஸ்ஸில் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்ததும் தேவகுமாரி ஜன்னலைச் சாத்தினாள். சமவெளியிலிருந்து வருகிறவர் முன் சீட்டில் உட்கார்ந்தால் மலைக்காரர்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். நாலைந்து வளைவு தாண்டியதும் சிங்கராயர் தலையை வெளியே நீட்டினார். அவள் ஜன்னலில் சடசடவென்று வந்து விழுந்தது, பூரியும் கிழங்கும் வெற்றிலைச் சாறும். அடுத்து அவள் தோழி அற்புதம், தன் மடியிலேயே வாந்தியெடுத்துவிட்டு “அம்மா, அம்மா” என்று அழுதாள். பஸ்ஸே நாறியது. இறங்கியதும் தேவகுமாரிதான் அற்புதத்தின் தாவணியை அலசிக் கொடுத்தாள்.

கூப்பிட்டபோது மேடையேற மற்றவர்களுக்குத் தெம்பில்லை. சிங்கராயர் ஓரமாகச் சுருண்டு கிடந்தார். தேவகுமாரி கரி பூசாமல் தனியாக ஏறினாள். நாற்காலியில் உட்கார்ந்து பூரியைப் பிட்டுப் பிட்டுத் தின்றாள், வளைவுக்கு வளைவு சாய்ந்தாள், வெளியே தலையை நீட்டினாள். கூட்டம் கை தட்டியது. இன்னும் வேண்டும் போலிருந்தது அவளுக்கு. மடியைப் பார்த்துக் குனிந்து “அம்மா, அம்மா” என்று அழுதாள், அச்சு அசல் அற்புதத்தின் குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“எம்பொண்ணுங்க, எம்பொண்ணுங்க” என்று மரியதாஸ் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இறங்கி வந்தபோது அற்புதம் ஈரத் தாவணியோடு படியோரம் நின்றிருந்தாள். தேவகுமாரி கையைத் தொடப் போனாள். அற்புதம் கையை இழுத்துக்கொண்டாள்.

சிங்கராயர் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். அவர் புளித்த நாற்றம் வீசும் வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இப்பத்தாம்மா பாடம் உனக்கு ஏறியிருக்கு. இனிமே என் எல்லா நாடகத்துலயும் நீதான்.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறந்ததிலிருந்து எந்த வளைவிலும் வராத வாந்தி, தேவகுமாரிக்கு அப்போது வந்தது.