விழ மறுத்த சாத்தான்

பதினெட்டு வருடம் ஒரு மனிதன் விடாமல் தோற்றுக்கொண்டே இருந்தால் முகம் வாடிப்போகும். எங்கள் சபையின் சாத்தானுக்கு மட்டும் வருடத்துக்கு வருடம் கன்னம் உப்பிக்கொண்டே வந்தது.

தொழிலுக்கு அவர் பிளம்பர். ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் தொட்டி, மோட்டார், நூற்றுச் சொச்சம் குழாய்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் 'சாத்தான் அண்ணன்' என்று கேட்டால்தான் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். சபை ஆண்டு நாளில் எப்போதும் ஒரே நாடகம்தான். கடைசி நாளில் நன்மையும் தீமையும் மோதி, தீமை அடியோடு ஒழிகிற கதை. அதில் சாத்தானாக நடிக்க இடிக்குரல் உள்ள ஆளைப் போதகர் தேடிக்கொண்டிருந்தார். சபைக் கழிப்பறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்த இவர் உள்ளேயிருந்து, "எவன்டா மெயின் வால்வைத் திறந்தது?" என்று ஒரு சத்தம் போட்டார். போதகர் தேடுவதை நிறுத்திவிட்டார்.

அவர் மனைவிக்குக் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போடுகிற வேலை. பழைய திரைச்சீலையில் கறுப்பு அங்கி தைத்துக் கொடுத்ததும், ரப்பர் ஹோஸை வெட்டி வால் செய்ததும் அவர்தான். "எல்லா வீட்லயும் கோபம் வந்தாத்தான் புருஷனை அந்தப் பேர் சொல்லித் திட்டுவாங்க. எனக்குத் தபாலே அந்தப் பேர்லதான் வருது" என்பார்.

நாடகத்தில் கத்துவதும் கனல் கக்குவதும் எல்லோருக்கும் வரும். நம் ஆள் பேர் வாங்கியது விழுவதில். பிரதான தேவதூதனின் வாள் பட்டதும் மூன்று படி உருண்டு, ஒரு முறை எழுந்து, தள்ளாடி, மறுபடி விழுந்து, கடைசியாக வால் மட்டும் ஒருமுறை துடிக்கும். முன்வரிசைக் குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். தெருவில் யாருக்காவது அநியாயம் நடந்து அவரிடம் புலம்பினால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கடைசியில், "கவலைப்படாதீங்க. முடிவுல நான் தோத்துடுவேன். அதுக்கு நான் கேரன்டி" என்பார். சொல்லும்போது சிரிப்பார்தான். ஆனால் விளையாட்டுக்குச் சொன்னதில்லை.

பத்தொன்பதாம் வருடம்தான் வம்பு வந்தது.

அந்தக் குடியிருப்பின் மேனேஜர் சபைக் கமிட்டியிலும் இருந்தார். உயரமான ஆள். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாது. பழைய தூதன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போக, அந்த இடத்துக்கு மேனேஜரே முன்வந்தார். தன் வசனம் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று காலரில் மாட்டுகிற மைக் ஒன்றையும் வரவழைத்துக்கொண்டார். சாத்தானுக்கு மைக் கிடையாது. அவர் தொண்டைக்கு அது தேவையும் இல்லை.

ஒத்திகை தொடங்கிய வாரம் மேனேஜர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"மூணாவது மாடி தையல்காரம்மா வீட்டு லைனை மூடிடு."

"எதுக்கு சார்?"

"காலி பண்ணச் சொன்னா கேக்க மாட்டேங்குது. என் மச்சினனுக்கு அந்த வீடு வேணும். ரெண்டு வாரம் தண்ணி இல்லேன்னா தன்னால கிளம்பிடும். கேட்டா ரிப்பேர்னு சொல்லு."

இவர் தலையைச் சொறிந்தார். "அது பாவம் சார்."

"வேலை வேணுமா, வேணாமா?"

மூடினார். இதை அவரே பின்னால் எல்லோரிடமும் ஒளிக்காமல் சொன்னார். மொட்டை மாடிக்குப் போய், நாலு திருகு திருகி, மூன்றாம் மாடிக்குப் போகிற வால்வைத் தன் கையாலேயே மூடினார்.

மறுநாள் காலை தையல்காரம்மா படியில் அவரைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருடமாகத் தனியாக அந்த வீட்டில் மிஷின் போட்டுப் பிழைக்கிற பெண். "அண்ணே, ஒரு சொட்டுத் தண்ணி வரல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தார். பார்த்தார் என்றால், நடித்தார். குழாய் ஒவ்வொன்றையும் திறந்தார், மூடினார், ஸ்பேனரால் தட்டினார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். "லைன்ல காத்து அடைச்சிருக்கும்மா" என்றார். அந்தம்மா அதை நம்பி, "உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். மூன்று மாடி.

அன்று மதியம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மனைவி திட்டவில்லை. "வருஷத்துக்கு ஒரு நாள்தான் வேஷம்னு நினைச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம்.

வால்வைத் திறந்துவிடலாம் என்று மாடிக்கு ஓடினால், மொட்டை மாடிக் கதவில் புதுப் பூட்டு. சாவி மேனேஜரின் இடுப்பில்.

சாயங்காலம் ஒத்திகை. மேனேஜர் தூதன் அங்கியில் வந்து, இவர் நெஞ்சில் காலை வைத்து, "பழைய சர்ப்பமே, உன் அக்கிரமம் முடிந்தது!" என்று முழங்கினார். காலுக்குக் கீழே மல்லாந்து கிடந்த சாத்தானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போதகர், "சாத்தான் சிரிக்கக் கூடாதுப்பா" என்றார். "மன்னிச்சிருங்க ஐயா, கூச்சம்" என்றார் இவர்.

ஆண்டு நாளன்று கூடத்தில் நிற்க இடமில்லை. வாளி சுமந்து சுமந்து தோள் வீங்கிப்போன தையல்காரம்மாவும் நடுவில் உட்கார்ந்திருந்தார். நாடகம் நல்லபடி நடந்தது. சாத்தான் உறுமினார், முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. தூதன் வாளை ஓங்கினார். வாள் தோளில் பட்டது.

சாத்தான் விழவில்லை.

தூதன் மறுபடி குத்தினார். சாத்தான் அசையாமல் நின்றார். மூன்றாம் குத்துக்கு அட்டை வாள் வளைந்துவிட்டது. கூட்டம் கசமுசவென்று பேச ஆரம்பித்தது. திரைக்குப் பின்னாலிருந்து போதகர், "விழுப்பா, விழு!" என்று கையால் ஜாடை காட்டினார். சாத்தான் பாய்ந்து தூதனைக் கட்டிப் பிடித்தார். சண்டைக் காட்சி என்று ஜனங்கள் கைதட்டினார்கள். இவர் தூதனின் கழுத்தருகே வாயை வைத்து முணுமுணுத்தார்.

"சார், மூணாவது மாடிக்குத் தண்ணி திறந்துவிடுறேன்னு சொல்லுங்க. விழுறேன்."

"டேய், இப்ப விழுடா!"

"நீங்க சொன்னீங்கன்னுதானே வால்வை மூடினேன்? திறக்கச் சொல்லுங்க."

"மச்சினனுக்கு வீடு வேணும்னு சொன்னேன்ல? சரி, திறக்குறேன், விழுந்து தொலை!"

காலர் மைக் நல்ல மைக். ஒரு எழுத்துகூட விடாமல் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

கூடம் முழுக்க அமைதி. அந்த அமைதியில்தான் மேனேஜருக்குத் தன் காலர் ஞாபகம் வந்தது. மைக்கை மறந்தே போய்விட்டேன் என்று நம் ஆள் இன்றுவரை சத்தியம் செய்கிறார். அவர் மனைவி இன்றுவரை அதை நம்பவில்லை.

அப்புறம் சாத்தான் விழுந்தார் பாருங்கள், பத்தொன்பது வருடத்தில் அப்படி விழுந்ததில்லை. மூன்று படியும் உருண்டு, எழுந்து, நேராகத் தையல்காரம்மா பக்கம் திரும்பி, "தப்பு பண்ணிட்டேன் தங்கச்சி. காத்து அடைக்கல, நான்தான் அடைச்சேன்" என்று கை கூப்பிவிட்டு, மறுபடி மடேரென்று விழுந்தார். அந்தம்மா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். முதலில் எழுந்து கைதட்டியதும் அவர்தான்.

போதகர் மேடைக்கு வந்து தொண்டையைச் செருமினார். "நாடகத்துல கொஞ்சம் மாற்றம் ஆயிடுச்சு. முடிவு மாறல" என்று சொல்லி ஜெபத்தில் முடித்தார்.

அன்று மாலையே மூன்றாம் மாடியில் தண்ணீர் வந்தது. மறுநாள் காலையிலேயே பிளம்பருக்கு வேலை போனது. மேனேஜர் வேலையிலேயே இருந்தார், கமிட்டியிலிருந்து மட்டும் தானே விலகிக்கொண்டார். தையல்காரம்மாவைக் காலி பண்ணச் சொல்லி இரண்டு நோட்டீஸும் அனுப்பினார்.

வீட்டில் மனைவி கேட்டார்: "என்னங்க, இப்பவும் அந்த ஆள்தானே நாற்காலியில உட்கார்ந்திருக்காரு? நன்மை ஜெயிக்கும் ஜெயிக்கும்னு சொல்றீங்க, எங்க ஜெயிச்சது?"

கருவிப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான் மேடையில எப்ப ரொம்பக் கத்துவேன், சொல்லு."

"கடைசிக் காட்சியில."

"ஏன்? எனக்கு நேரம் முடியப்போகுதுன்னு தெரியும். நிச்சயமா ஜெயிக்கப் போறவன் எதுக்குக் கத்தணும்? எதுக்கு ரெண்டு ரெண்டு நோட்டீஸா அனுப்பணும்? ஆண்டவர் அவசரப்படல பாரு. அவருக்கு முடிவு தெரியும். உள்ளே இருந்து பார்த்தவன் நான், எனக்கும் தெரியும்."

"வேலை போன பிறகும் வாய் போகல" என்றார் மனைவி. ஆனாலும் அன்றைக்கு அவர் தட்டில் சோறு கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

தையல்காரம்மா நோட்டீஸை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. வீட்டில் மிஷினும் ஓடுகிறது. பிளம்பர் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வேலைக்குப் போக ஆரம்பித்தார். சாத்தான் வந்தால் அடைப்பு எடுபடும் என்று பேர் பரவி, முன்னைவிட வேலை அதிகமானது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், மேனேஜர் வீட்டுக் குளியலறையில் குழாய் உடைந்து பீய்ச்சியடித்தது. கூப்பிட்ட எவரும் வரவில்லை. கடைசியில் இவரைக் கூப்பிட்டார். இவர் போனார். மெயினை மூடிவிட்டு, அதை அப்படியே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று முழுசாக ஒரு நிமிடம் யோசித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். "பழக்க தோஷம்" என்றார். பிறகு வாஷர் போட்டு, நூல் சுற்றி, ஒழுங்காக முறுக்கினார்.

முழங்கால் வரை நனைந்து வாசலில் நின்ற மேனேஜர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஏம்ப்பா, நீ சொல்ற அந்த முடிவு வரும்போது, என் பாடு என்ன?"

பிளம்பர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், உங்க உயரத்துக்கு ரெண்டு அங்கியும் பொருந்தும். எதைப் போடுறதுன்னு யோசிக்க இன்னும் நேரம் இருக்கு. ஆனா ரொம்ப யோசிக்காதீங்க."

மேனேஜர் உள்ளே போனார். குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் சீராக விழுந்தது. நம் ஆள் ஈரக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் ஒரு சிங்க் அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.