வேண்டாம் என்று நான் போட்ட வேடம்

பதின்மூன்று வயதில் என் நடிப்பைப் பார்த்து எங்கள் மீனவ ஊரான திரேஸ்புரமே ஏமாந்தது. அந்த நடிப்பை மேடையில் நடிக்கவில்லை என்பதுதான் என் கெட்ட காலம்.

எங்கள் கோயிலில் தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசு சிலுவை சுமந்து போகும் கதை. பெண் வேடத்துக்கும் பையன்களைத்தான் போடுவது வழக்கம். வழியில் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கிற பெண்ணாக யாரைப் போடலாம் என்று உபதேசியார் எங்கள் வரிசையைப் பார்த்தார். வேதபாடமும் நாடகமும் சொல்லித்தருகிற பரம சாது மனிதர். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

"ஏலே, ஒனக்குத்தான் சேலை நல்லா நிக்கும்."

பையன்கள் சிரித்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் திருவிழா. நான் பையன்தானா என்று அப்போது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கணக்கில் சந்தேகம் வந்தால் கை தூக்கலாம். இதற்கு யாரிடம் கை தூக்குவது? குளியலறையில் துண்டைத் தலையில் கட்டிக் கூந்தலாகத் தொங்கவிட்டுக் கண்ணாடி பார்ப்பேன். அம்மா கதவைத் தட்டியதும் ஆராய்ச்சி முடிந்துவிடும். இப்போது ஊர் பார்க்க, சாமி பேரைச் சொல்லிச் சேலை கட்டலாம் என்கிறார்கள். கரும்பு தின்னக் கூலியா?

ஆனால் உடனே தலையாட்டினால் மாட்டிக்கொள்வேனே. "போங்க உபதேசியாரே, பொம்பள வேசமா? நான் மாட்டேன்" என்று முகத்தைச் சுளித்தேன். அவர் வற்புறுத்துவார், நான் வேறு வழியில்லாமல் கட்டிக்கொள்வேன் என்பது திட்டம். அவரும் வற்புறுத்தினார். ஒவ்வொரு ஒத்திகையிலும் முனகினேன். வீட்டில் அம்மாவிடமும் புலம்பினேன். அது போதாதென்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கண்ணீர் விட்டேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

உபதேசியாருக்கு மனசு இளகிவிட்டது. "சரி, அழாதலே. புள்ளையப் போட்டு வதைக்க வேண்டாம்" என்று சேலையை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டார். எனக்கு மீசை வைத்த ரோமைச் சிப்பாய் வேடம். அவருக்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

பெரிய வெள்ளியன்று கடற்கரை மணலில் நாடகம். கடலுக்கு யாரும் போகாத நாள் என்பதால் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. துணியோடு வரும் பெண்ணைத் தள்ளிவிடுவது என் வேலை. எனக்குப் பதிலாக அந்த வேடம் கட்டியவன் சேலை தடுக்கத் தடுக்க எருமை மாதிரி வந்தான். முந்தானையை வேறு தோள் மாற்றிப் போட்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. தள்ள வேண்டிய இடத்தில் நின்று விம்மி விம்மி அழுதுவிட்டேன். சிப்பாய் மனம் திரும்பிவிட்டான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பங்குச்சாமியார் முதுகில் தட்டிக்கொடுத்தார். பக்தியாவது ஒன்றாவது, அத்தனையும் பொறாமை.

வீட்டில் அம்மா தேங்காயெண்ணெய் தொட்டு என் மீசையைத் துடைத்தாள். மை லேசில் போகவில்லை.

"என்னத்துக்குலே அங்கன நின்னு அழுத?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சேலை ஒனக்கு வேணும்னு இருந்துச்சோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம். "ஆமாம்மா" என்று வந்துவிட்டது.

அம்மாவின் விரல் என் உதட்டுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, அவசரப்படாமல், மிச்சமிருந்த மீசையையும் துடைத்தெடுத்தாள்.