உச்சிப் பாறையில் ஒரு துண்டு நிழல்

மூன்று வருடத்துக்கு முந்திய ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று. மேற்கே காடெல்லாம் தாண்டி, வெக்கையைச் சுமந்துகொண்டு வந்து, கொடியில் காயும் சட்டையிலிருந்து கூரைத் தகரம் வரைக்கும் ஒன்றையும் சும்மா இருக்க விடாது. என்னையும்தான்.

"உனக்குக் காலில சில்லுப் பூட்டித்தான் பெத்தவை" என்பார் என் கணவர். இருக்கலாம். ஐம்பதை நெருங்கும் வயதில், கிழமைக்கு ஐந்து நாள் ஒரே கதிரையில் இருந்து கோப்புப் பார்க்கிற ஒருத்திக்கு, ஆறாம் நாள் கால் கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். என் அலுவலக யன்னல் துறைமுகப் பக்கம். நிமிர்ந்தால் குடாவின் தண்ணீர், அதற்கு அப்பால் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மலைகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் தலையில் மரமில்லை. வெறும் கரும்பாறை. பெயர் கேட்டேன், ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் 'மொட்டையன்' என்று வைத்துக்கொண்டேன். கோப்பில் கண் இருக்கும்போதும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்குத் துணை இரண்டு நாய்கள். செம்பன் வயதில் இளையவன், எலும்பும் ஓட்டமும். கறுப்பி எட்டு வயதுக்காரி, நடமாடும் அரிசிச் சாக்கு. சப்பாத்துக் கயிற்றை நான் கட்டும் சத்தம் கேட்டாலே இரண்டும் வாசல் படலையில் நிற்கும்.

அன்று விடியவே சந்திக்கு வந்து ஓட்டோ பார்த்தேன். நாய்களைக் கண்டதும் முதல் இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாவது, கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் தம்பி. நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சாரம், கத்தரித்த தாடி. அவரும் யோசித்தார். ஏன் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நாயின் ஈரம் மேலில் பட்டால் அவர்கள் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. வேலிக்கு இரண்டு பக்கமும் வளர்ந்த எங்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

"எங்க அக்கா போற?"

"மலை ஏற."

"ஆரு, நீங்களா?"

"நானும் இதுகளும்."

அவர் நாய்களைப் பார்த்தார். என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்ப் பின் இருக்கையில் ஒரு பொலித்தீன் விரிப்பை விரித்து, அதன் மேல் ஒரு சாக்கையும் போட்டார்.

"இவங்கட வாயும் மூக்கும் என்ட பக்கம் வரப்படாது. அது உங்கட பொறுப்பு."

வழி முழுக்க நான் செம்பனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். கறுப்பி ஒரு கச்சேரிக்காரி போல நிமிர்ந்து இருந்து, வயலையும் எருமைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்து அவர் சிரித்தார். "இவ பெரிய இடத்துப் பிள்ளை போல இரிக்கா."

கந்தளாய் வீதியிலிருந்து உள்ளே திரும்பி, செம்மண் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பாழடைந்த தோட்டம், ஒரு கிணறு, ஒரு பெரிய பாலை மரம். அதற்கு மேல் பாதையில்லை. திரும்பிப் போக அந்த இடத்தில் வேறு வாகனம் பிடிக்கமுடியாது என்பதால் அவரைக் காத்திருக்கச் சொல்லி, போன் இலக்கமும் வாங்கிக்கொண்டேன். காட்டுக்குள் கால் வைக்கும்போது ஒரு குழையை முறித்துக் கொப்பில் செருகினேன். அது எங்கள் பக்கத்துப் பழக்கம், காட்டு யானை மறிக்காமலிருக்கப் பிள்ளையாருக்கு. அவர் ஓட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "எங்களுக்காகவும் ஒண்டு முறிச்சு வைங்க அக்கா. ஆனைக்கு ஆள் வித்தியாசம் தெரியாது."

முறித்து வைத்தேன்.

முதலில் சூரைமுள். அதைக் கடந்தால் உருண்ட பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, இடுக்கில் வேரும் சருகும். கையும் காலும் வைத்துத்தான் ஏறவேண்டும். செம்பன் மேலே ஓடிப் போய், எட்டிப் பார்த்து, திரும்பி வந்து, மறுபடி ஓடினான். நான் ஒரு தரம் ஏறியதை அவன் பல தரம் ஏறியிருப்பான். கறுப்பியைச் சில இடங்களில் பின்னால் இருந்து தள்ளவேண்டியிருந்தது. அவள் அதை ஒரு மரியாதையாக ஏற்றுக்கொண்டாள். எங்களைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. காற்று மட்டும் மரங்களின் தலையில் ஏறி, எங்களை முந்திக்கொண்டு போனது.

மரங்கள் முடிந்தன. மொட்டையனின் தலை. சரிந்த, நீண்ட, ஒரு புல்லும் இல்லாத பாறை. அதன் மேல் ஏறி நின்றபோது, அலுவலக யன்னலிலிருந்து நான் பார்க்கும் குடா, யாரோ கசக்கிப் போட்ட நீலச் சேலையாய்க் கீழே கிடந்தது. இத்தனை நாளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கண்ணால் நான் என்னைத் தேடினேன். யன்னல் தெரியவில்லை. கட்டடமே தெரியவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான்.

அங்கேயே இருந்து, தண்ணீர் குடித்துவிட்டு, வெயில் ஏறமுன் இறங்கியிருக்கவேண்டும். ஆனால் பின்னால் இன்னொரு முகடு தெரிந்தது, இதைவிடக் கொஞ்சம் உயரம். வந்த இடத்தில் இருக்கத் தெரியாதவளுக்கு எந்த உச்சியும் அடுத்ததைப் பார்க்கும் இடம்தான். அங்கேயும் போனோம். அதற்கு அப்பாலும் கொஞ்சம் போனோம். திரும்பி மொட்டையனின் தலைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது.

எனக்குக் காலில் தடித்த சப்பாத்து. நாய்களுக்கு இல்லை. இந்தச் சின்ன விஷயம் என் மூளையில் தட்டவில்லை.

பாறை தோசைக்கல்லாகியிருந்தது. செம்பன் பாதி ஓட்டம், பாதி பாய்ச்சலாகக் கீழே மரநிழலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். கறுப்பி பாதிச் சரிவு வரை வந்தாள். ஒரு காலைத் தூக்கினாள், மற்றதைத் தூக்கினாள். பிறகு ஒரு உருண்டைக் கல்லின் ஓரத்தில், பாய் அகல நிழலில் படுத்துவிட்டாள். கூப்பிட்டேன். வாலை மட்டும் ஆட்டினாள். காலைப் பிடித்துப் பார்த்தேன். பாதத்தின் தோல் கொப்பளித்து உரிந்திருந்தது, நாலு காலிலும்.

தூக்கப் பார்த்தேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் சறுக்கி, முழங்கால் உரசி, தோளில் கிடந்த தண்ணீர்ப் போத்தல் கழன்று சரிவில் உருண்டு, எங்கோ ஆழத்தில் கல்லில் மோதும் சத்தம் கேட்டது. கறுப்பியை மறுபடி நிழலுக்குள் இழுத்துக் கிடத்தினேன். நாக்கு முழுவதும் வெளியே தொங்கியது. மூச்சு இரைந்தது. நிழலோ பார்த்துக்கொண்டிருக்கவே ஒடுங்கியது. பாய் அகலம் இருந்தது பலகை அகலம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் கல்லுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போனில் சிக்னல் இருந்தது, அது ஒரு புண்ணியம். கணவர் ஊரில், வந்து சேர வெகுநேரம் ஆகும். கீழே இருக்கும் ஒரே மனிதருக்கு எடுத்தேன்.

"தம்பி, கறுப்பிக்குக் கால் வெந்துபோச்சு. இறங்க ஏலாது. ஆரையும் ஒராளைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமே?"

"இஞ்ச ஆரு அக்கா இரிக்கா? நானும் ஒரு மயிலும்தான்."

நீங்கள் வாருங்கள் என்று எப்படிக் கேட்பது? காற்று மட்டும் போனுக்குள் இரைந்தது.

"பொறுங்க" என்றார். வைத்துவிட்டார்.

பொறுக்கச் சொன்னது வருவதற்கா, யோசிப்பதற்கா என்று எனக்குத் தெரியாது. நிழல் கயிற்று அகலம் ஆனது. நான் என் சால்வையை விரித்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கறுப்பிக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றேன். கச்சான் சால்வையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு பக்கம் சரிந்தால் அவள் தலையில் வெயில், மற்றப் பக்கம் சரிந்தால் வயிற்றில். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அசையாமல் நிற்பது இன்னொரு உயிருக்குத் தேவையாக இருந்தது. என் கால் போகச் சொல்லிக் கேட்டது. எங்கேயாவது ஓடு, ஏதாவது செய், நிற்காதே என்றது. நின்றேன்.

செம்பன் குரைத்த சத்தத்தில்தான் திரும்பினேன். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் அந்தச் சாக்கு, கையில் ஒரு தண்ணீர்க் கேன், காலில் வெறும் ரப்பர்ச் செருப்பு. கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இவனுக்குச் சொல்லுங்க அக்கா, நான் கள்ளன் இல்லையெண்டு."

கேனின் மூடியைத் திறந்து, நான் கழற்றிக் கொடுத்த தொப்பிக்குள் சரித்தார். கறுப்பி குடித்தாள், குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள்.

"இது உங்களுக்குக் குடிக்கிற தண்ணியே?"

"தொழுகைக்குக் கை கால் கழுவ வெச்சிருந்த. பறவாயில்ல, கீழ கிணறு இரிக்கு."

மிச்சத்தை அவள் பாதங்களில் ஊற்றினார். சாக்கை விரித்தார். ஒரு கணம் அவர் கை அவளுக்கு மேலே, தொடாமல், நின்றது. எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிச் சாக்குக்குள் வைத்து, என்னைப் பின்னால் தூக்கிவிடச் சொல்லி, முதுகில் ஏற்றிக்கொண்டார். கறுப்பியின் தலை மட்டும் அவர் தோளுக்கு மேலே வெளியே. இறங்கத் தொடங்கியதும் அவள் முதல் வேலையாக அவர் காதை நக்கினாள்.

நான் பதறிப்போனேன்.

"முடிஞ்சிது" என்றார் அவர். "இனி என்ன, நீ நக்கிக்கொண்டு வா. விழுந்தா ரெண்டு பேரும்தான்."

செருப்பு வழுக்குகிறதென்று கழற்றி என்னிடம் தந்துவிட்டு, அந்தச் சூட்டில் வெறுங்காலோடு இறங்கினார். முள்ளில் சாரம் கிழிந்தது. இடையில் ஒரு தரம் நின்று, "பெரிய இடத்துப் பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுறா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன முறைப்பாடு.

பாலை மரத்தடியில் அவளை இறக்கியபோது எனக்கு அழுகை வந்தது. "உங்களுக்குப் பெரிய கரைச்சல் குடுத்துப்போட்டன் தம்பி. இனி எல்லாம் கழுவவேணும்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"கழுவினாப் போற காரியம் அக்கா" என்றார், கிணற்றடிக்கு நடந்துகொண்டே. "மேல விட்டுட்டு வந்திருந்தா, அதை எத்தினை தரம் கழுவுற?"

கிணற்றில் அள்ளி அள்ளி வார்த்தார். காது, கழுத்து, கைகள், உடுப்பு. நடுவில் ஒரு தரம் நிலத்து மண்ணைக் கிள்ளி நீரில் குழைத்துப் பூசிக்கொண்டார். ஒரு வேலையைச் சரியாகச் செய்கிறவரின் நிதானம். பிறகு வேறு சாரம் மாற்றி, ஓட்டோவிலிருந்து ஒரு பாயை எடுத்துக்கொண்டு, எங்களிடமிருந்து தள்ளிப் போய் மரத்தின் மறுபக்கம் தொழுதார்.

நான் நிலத்தில் இருந்தேன். கறுப்பியின் தலை என் மடியில். செம்பன் எழும்பி அந்தப் பக்கம் போகப் பார்த்தான், பிடித்து வைத்துக்கொண்டேன். காற்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடியது, சருகு, தூசி, கொப்பில் போட்ட அவரின் ஈரச் சாரம். அந்த மனிதர் மட்டும் குனிந்து, நிமிர்ந்து, நெற்றியை நிலத்தில் வைத்து, அசையாமல் இருந்தார். நானும் இருந்தேன். எழும்பவேண்டும் போல இருக்கவில்லை.

கறுப்பி அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தாள். மலை ஏறவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் எந்த ஓட்டோ வந்தாலும், படலைக்குப் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வருவாள். நானும் செம்பனும் இப்போதும் போகிறோம், வெயில் வரமுன் திரும்பிவிடுகிறோம், அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் என் சப்பாத்தைக் கழற்றுகிறேன். கால் இன்னும் கேள்வி கேட்கிறது. ஆனால் எனக்குக் கஷ்டமான ஏதாவது உதவியை யாராவது கேட்டு, மனம் மெல்ல நழுவிப்போகப் பார்க்கும்போதெல்லாம், கிணற்றடியில் தண்ணீர் விழுந்த அந்தச் சத்தம் கேட்கிறது, நான் நழுவாமல் நின்றுவிடுகிறேன்.