முக்காட்டுக்குள் ஒரு விசில்

கீழக்கரையில் எங்கள் வீட்டு டெலிபோன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அடிக்கும். சவூதியில் வேலை பார்க்கும் என் மகன்தான். எனக்குக் காது மந்தமான பிறகு பேச்செல்லாம் மருமகளோடு என்று ஆகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெகுநேரம் பேசுவாள். என்ன சொன்னான் என்று கேட்டால், நல்லா இருக்காகளாம் என்பாள். அவ்வளவு நேரப் பேச்சுக்கு அவ்வளவுதானா என்று எரிச்சலாக வரும். கடைசியில் ரிசீவரை என்னிடம் தருவாள். அவன் தொண்டை கிழியக் கத்துவான், எனக்கோ வெறும் இரைச்சல். "சரி வாப்பா, சரி வாப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். பெற்ற பிள்ளையின் குரலே மறந்துவிடும் போலிருந்தது. அந்தப் பயத்தில்தான் காது மிஷினுக்குச் சம்மதித்தேன்.

மதுரையில் மிஷினை மாட்டிவிட்டார்கள். இனிமேல் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், உங்கள் ஊர் மருந்துக்கடை மாடிக்குப் போனால் கம்ப்யூட்டரிலேயே சரிசெய்துவிடுவோம் என்றார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, போனிலேயே நிக்காஹ் முடித்த ஊர் எங்களுடையது. இருந்தும், மதுரையில் உட்கார்ந்துகொண்டு கீழக்கரைக் காதை எப்படித் திருகுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மிஷின் என்னவோ நன்றாகத்தான் கேட்டது, டெலிபோனை எடுக்கும்வரை. எடுத்ததும் காதுக்குள் விசில் அடிக்கும். அதைச் சரிசெய்ய மருந்துக்கடை மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முக்காட்டை இறக்கிவிட்டு உட்காருவேன். அங்கிருந்த நர்ஸ் மிஷினில் ஒயரைச் சொருகுவாள். திரையில் மதுரைப் பிள்ளை வருவாள், என் மகள் வயது. அவள் கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வேன். விசில் மட்டும் வரவே வராது. வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் மறுபடி அதே விசில். பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் ஒயரை எடுக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் போன் வந்தால் எப்படி எடுப்பீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றாள். போன் இருப்பது எங்கள் வீட்டு முன்கூடத்தில். கொழுந்தன்மார் வந்துபோகிற இடம். அந்தப் பழக்கத்தில் கை தானாக முக்காட்டை இழுத்துக் காதோடு இறுக்கியது. அதன்மேல் நர்ஸின் செல்போனை வைத்து அழுத்தினேன். கீய்ங் என்று கிளம்பியது விசில். திரையில் இருந்தவளுக்கே கேட்டுவிட்டது.

முக்காட்டை எடுக்கத்தான் சொல்லப்போகிறாள் என்று சுருக்கென்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"முக்காடு இருக்கட்டும்மா. மிஷினத்தான் அதுக்குத் தக்கன மாத்தணும்" என்றாள்.

ஒயரை மறுபடி சொருகச் சொல்லி, அங்கிருந்தபடியே மாற்றினாள். துணியைக் காதுப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடச் சொன்னாள். ரிசீவரைக் காதுத் துளையில் வைக்காமல், காதுக்குப் பின்னால் மிஷின் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒட்டாமல் பிடிக்கச் சொன்னாள். சரியாக வரும்வரை என்னை விடவில்லை. அவளை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவளுக்காக துஆ கேட்காமல் நான் தொழுகைப் பாயைச் சுருட்டுவதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்ததும் நானே எடுத்தேன். "உம்மா" என்று கத்தினான்.

"கத்தாத வாப்பா. கேக்குது."

கத்தலை விட்டு மெதுவாக, "மெய்யாவே கேக்குதா உம்மா?" என்றான். கேட்கிறது என்றேன். குரலை இன்னும் தணித்தான். ஒரே அறையில் நாலைந்து ஆம்பிளைகளோடு இருப்பவன். அத்தனை பேருக்கு நடுவில் எந்த மகனும் கத்திச் சொல்ல முடியாத ஒன்றை அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான்.

"மனசு உங்களத் தேடுது உம்மா."