சாளை எண்ணெய் குடித்த கம்ப்யூட்டர்

மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவன் நான். குளச்சலில் அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்த பிறகு கொஞ்ச காலம் ரசமும் அப்பளமுமாக வாழ்ந்தேன்.

அப்போது வடசேரியில் சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். குளச்சலில் கல்யாணக் கார்டும் இறப்பு நோட்டீசும் அடித்துக் கொடுத்த அக்கா ஒருவர் என் வாடிக்கை. அவரிடம் இருந்தது ஒரு பழைய வொர்க்ஸ்டேஷன். சவுதியில் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதை அவருடைய தம்பி அனுப்பிவைத்தது. தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அது அடிக்கடி தானாக அணைந்தது. போர்டு போய்விட்டது. அதே மாதிரி பழைய போர்டு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். அதில் ப்ராசஸர் இல்லை. அந்தப் ப்ராசஸர் எங்குமே கிடைக்கவில்லை. ஆகவே உள்ளே இருப்பதையே உயிரோடு கழற்றி மாற்ற வேண்டும். அதன் அடியில் தலைமுடி கனத்தில் நூற்றுக்கணக்கான கால்கள். ஒன்று ஒடிந்தாலும் அக்காவின் பிழைப்பு அதோடு சரி.

மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே தகரமெங்கும் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு பூச்சு. அதில் ஒட்டிச் செத்த கரப்பான்கள், பல்லி முட்டை ஓடுகள், சொந்தக்காரனைக் காணாத ஒரு பல்லிவால்.

“இது என்னதுக்கா?”

“எங்க வீட்டுக்காரருக்க வேலை தம்பி. கடக்காத்துல துருப்பிடிக்குன்னு, கடலுக்குப் போற வள்ளத்துக்குப் பூசுன சாளை மீன் எண்ணெய் மிச்சத்தை இதுலயும் பூசிட்டாரு.”

வாசலில் வலை முடைந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “இத்தனை வருசமா வள்ளம் கெடக்கு. ஒரு ஓட்டை உண்டா?”

“அண்ணே, வள்ளத்துல கரண்டு போவாதுல்லா?”

“ஒயர்ல நான் தொடல்லியே மக்கா. தகரத்துலதான பூசுனேன். நான் என்ன மண்டனா?”

ப்ராசஸரின் தலைமேல் சூட்டை இழுக்க வைத்திருந்த அலுமினியக் கட்டிக்கு மட்டும் பாசத்தோடு இரண்டு தடவை பூசியிருந்தார். அந்தக் கட்டிக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் உள்ள பசை காய்ந்து இறுகியிருந்தது. வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் கூடவே பிய்ந்து வரும். பசை இளக வேண்டுமென்றால் மெஷினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பசை சூடானால் எண்ணெயும் சூடாகும். மூக்கா பிழைப்பா என்று யோசித்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

கெட்டுப்போன சாளையைக் கெட்டுப்போன எண்ணெயில் பொரிக்கிற நாற்றம். வாசலில் இரண்டு பூனைகள் வந்து உட்கார்ந்தன. ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அணைத்து, ஒயரைப் பிடுங்கினேன். நம் உடம்பில் தேங்கிய மின்சாரம் ப்ராசஸரைக் கொன்றுவிடும். அதனால் வெறுந்தகரத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ள வேண்டும். வெறுந்தகரத்துக்கு நான் எங்கே போவேன்? நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டினேன். சுரண்டியதெல்லாம் நகத்துக்குள் குடியேறியது. கொக்கிகளை விடுவித்து, கட்டியை இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். சளி பிரிவதுபோல ஒரு சத்தத்தோடு விட்டது. பக்கத்தில் இருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கி, ப்ராசஸரை ஓரம் பிடித்து நேராக மேலே எடுத்தேன்.

அப்போதுதான் போர்டின் அடியிலிருந்து உயிருள்ள ஒரு கரப்பான் என் மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் நுழைந்தது.

கையை உதறினால் அக்காவின் பிழைப்பு தரையில். உதறவில்லை. ப்ராசஸரை வைக்க மேசையில் போட்டிருந்த பஞ்சு அட்டை வரைக்கும் நான் நடந்த நடையில், கரப்பான் என் அக்குளை அடைந்து அங்கே சௌகரியம் பார்த்தது.

“ஆடாதீங்க தம்பி,” என்றார் அக்கா.

ப்ராசஸரை வைத்துவிட்டுத்தான் ஆடினேன். வலைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கால் ஒன்றுகூட வளையவில்லை. எல்லாவற்றையும் துடைத்துச் சென்னை போர்டில் பொருத்தினேன். திரை விழித்தது. அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“மணமே இல்லியே தம்பி. செரியாத்தான் ஓடுதா?”

வீட்டுக்காரரின் கண் மூலையிலிருந்த எண்ணெய் டின்னுக்குப் போனது. நான் முந்திக்கொண்டேன். “அண்ணே, எங்க வீட்டு சன்னல் கம்பியெல்லாம் துருப்பிடிக்கு. அந்த டின்னைத் தருவியளா?”

“கொண்டு போ மக்கா,” என்றார் பூரித்துப்போய். “ரெண்டு கை பூசணும், கேட்டியா?”

வடசேரி பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி கசிந்தது. பக்கத்தில், மீன் விற்று முடித்து வெறும் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்சீட்டுக்கு மாறினாள்.