மண் தின்னாத ஐரேன்

எட்மோன் வியட்நாமில், சோலோன் என்ற பகுதியிலிருந்த ஒரு சோப்புத் தொழிற்சாலையின் ஆய்வறையில் வேலை பார்த்தார். ஆய்வறை என்றால் ஒரு மேசை, ஒரு தண்ணீர்க் குழாய், நான்கைந்து கண்ணாடிக் குடுவைகள். வந்திறங்கும் தேங்காய் எண்ணெயில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கொப்பரை நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைக்கு வாய் கிடையாது. லிப்பேஸ் என்ற நொதியை வெளியே கசியவிட்டு, கொழுப்பை இருந்த இடத்திலேயே அறுத்து, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். அறுபட்ட கொழுப்பு கிளிசரினாகவும் கொழுப்பு அமிலமாகவும் பிரிந்துவிடும். அந்த அமிலத்துக்கென்று ஒரு நெடி உண்டு: பழைய பாலாடைக்கட்டியும் அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியும் கலந்தது போல. பதினெட்டு வருஷப் பழக்கத்தில் எட்மோனுக்குக் குடுவையை முகர்ந்தாலே போதும், கணக்கு தெரிந்துவிடும்.

புதுச்சேரியிலிருந்து குமாஸ்தாவாக வந்தவரின் மகன் அவர். மனைவி ஐரேன் காரைக்கால் குடும்பத்துப் பெண். 1970 மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஐந்தே நாளில் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது. குழந்தை இல்லை. எட்மோன் தகுதிக்கு மீறி, உள்ளே துத்தநாகத் தகடு அடித்த கனமான மரப்பெட்டி வாங்கி அவளை நகரத்தின் நடுவிலிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார். ஈரம் அவளைத் தொடக்கூடாது என்பதுதான் அன்று அவருடைய எண்ணமாக இருந்தது.

1983இல் அறிவிப்பு வந்தது. கல்லறைத் தோட்டம் பூங்காவாகப் போகிறது. இரண்டு மாதத்துக்குள் உறவினர்கள் எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை இயந்திரம் வாரிவிடும்.

ஒரு காலை எட்மோனும் ஐரேனின் தங்கை மாதலேனும் எலும்பு வைக்கிற மண்பெட்டி ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள். முழங்கையைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான். பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு மனுஷிக்கு அந்த இடம் போதும் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

தோண்டியவர் ஓங் தாம், அந்த வேலையிலேயே கிழவரானவர். எலும்புகளைக் கழுவ அரிசிச் சாராயம் கொண்டுவந்திருந்தார். மூடியை நெம்பினதும் பெட்டி நிறையத் தண்ணீர். தகட்டில் எங்கோ விரிசல் விட்டு, உள்ளே போன மழை வெளியேறாமல் தங்கிவிட்டது. ஓங் தாம் வாளியால் இறைக்கத் தொடங்கினார். தண்ணீர் இறங்க இறங்க, முதலில் ஒரு மூக்கு வெளியே வந்தது.

எலும்புக்கூட்டுக்கு மூக்கு கிடையாது. ஓங் தாம் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஊதுவத்தி கொளுத்தினார்.

"இவங்க இன்னும் போகல," என்றார் வியட்நாமியில். "மூடிட்டு மூணு வருஷம் கழிச்சு வரணும். அதுதான் முறை."

"மூணு வருஷம் கழிச்சு இங்கே பூங்காதானே இருக்கும்?" என்றார் எட்மோன். தன் குரல் யாருடையதோ போல அவருக்குக் கேட்டது.

மிச்சத் தண்ணீரை அவரே இறைத்தார். நெற்றி, கன்னம், கழுத்து, மார்பின் மேல் கோத்த கைகள், எல்லாம் இருந்தன. நிறம் மட்டும் பழைய மெழுகின் வெளுப்பு. சேலை கரைந்துபோயிருந்தது, அதன் மடிப்புகள் தோலில் பதிந்திருந்தன. முடி அப்படியே கருகருவென்று கிடந்தது. கன்னங்கள் மேலேறி, யாரோ சொன்ன வேடிக்கைக்கு அவள் சிரிப்பை அடக்குவது போலிருந்தது. பட்டப்பகல் வெயிலிலும் ஒரு ஈ கூட அவள்மேல் உட்காரவில்லை.

அப்போதுதான் நெடி வந்தது. பாலாடைக்கட்டியும் மெழுகுவத்தியும். எட்மோன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா அழியல, அத்தான்! பாத்தீங்களா? அழியவே இல்ல!" மாதலேன் முழங்காலிட்டுச் சிலுவைக்குறி போட்டாள். "சாமியாரக் கூட்டியாரணும்."

அழியாத உடலைப் பெட்டியோடு தோட்டத்து ஓரத்துக் கொட்டகையில் வைத்தார்கள். எலும்பைக் கொண்டுபோகத்தான் எட்மோனிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. உடலுக்கு வேறு சீட்டு வேண்டும். அதற்கான அலுவலகத்தில் ஒரு பெண் நிமிராமலே கேட்டாள்: "எப்போ இறந்தாங்க?"

"பதின்மூணு வருஷமாச்சு."

அவள் நிமிர்ந்தாள். எழுதுகிற கையை மெதுவாக மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். "நாளை வாங்க."

மறுநாள் மதியம் கொட்டகைக்குத் திரும்பினபோது வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். செய்தி சந்தை வரைக்கும் போயிருந்தது. சிலர் நோய் தீர வந்தவர்கள். சிலர் லாட்டரி எண் கேட்டு அவள் காதில் குனிந்து முணுமுணுத்தார்கள். ஒரு கிழவி கால்மாட்டில் வாழைப்பழம் வைத்திருந்தாள். மாதலேன் தலைமாட்டில் ஜெபமாலையோடு இரவெல்லாம் தூங்காத கண்களுடன் உட்கார்ந்திருந்தாள்.

எட்மோன் குனிந்து பார்த்தார். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. ஒடிந்த இடம் சுத்தமாக, சோப்புக் கட்டியை உடைத்தது போல, வெள்ளையாக இருந்தது.

"யாரு எடுத்தா?"

மாதலேன் எழுந்து வந்து அந்தக் கையைப் பார்த்தாள். அவள் கண்ணெதிரே அது நடந்திருந்தது, அவள் பார்க்கவில்லை.

எட்மோன் எல்லாரையும் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். "நாளைக்கே எரிச்சிடணும்."

"அர்ச்சியசிஷ்டவள, ஒரு புனிதையயா எரிக்கிறது? பாவம், அத்தான், பாவம்!"

"என்கூட வா."

தகட்டில் ஒட்டியிருந்த பயறளவு துகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, அவளைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனார். துகளைச் சூடான ஆல்கஹாலில் கரைத்தார். நிறம் மாறிக் காட்டும் திரவம் இரண்டு சொட்டு விட்டார். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அமிலம் தீந்துட்டா இது ரோஸ் நிறமாகும். நல்ல எண்ணெய்னா நாலஞ்சு சொட்டு போதும்."

பத்து சொட்டு, இருபது, முப்பது. ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் ஒரு நொடி சிவந்து, உள்ளே ஏதோ விழுங்கியது போல மறைந்தது. குழாய் பாதி காலியான பிறகுதான் நிறம் நின்றது.

"காத்து போகாத தண்ணியில கிருமிங்க வேலை செஞ்சிருக்கு, மாதலேன். அதுங்களோட நொதி தசையில இருந்த புரதத்தைக் கரைச்சுட்டுது. கொழுப்ப அறுத்து அமிலமாக்கிட்டுது. அந்த அமிலம் சேந்து சேந்து, கடைசில அந்தக் கிருமிங்களாலயே வாழ முடியல. வேலை பாதில நின்னுபோச்சு. அவ்வளவுதான். நான் வாங்கின பெட்டி செஞ்ச வேலை."

"அப்போ அந்தச் சிரிப்பு?"

"கொழுப்பு வீங்கினா கன்னம் மேல ஏறும்."

மாதலேன் அவரை ஓங்கி அறைந்தாள். பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள். குடுவையைக் கழுவிவைக்க எட்மோனுக்கு மனம் வரவில்லை. கொட்டவும் வரவில்லை. கடைசியில் துணி போட்டு மூடிவைத்தார்.

மூன்றாம் நாள் சீட்டு கிடைத்தது. நகருக்கு வெளியே இருந்த எரிமேடைக்கு ஓங் தாமின் மூன்றுசக்கர வண்டியில் கொண்டுபோனார்கள். நினைத்ததைவிட அவள் எடை குறைவாக இருந்தாள். குழியும் மேடுமான சாலையில் வண்டி ஆடும்போதெல்லாம் பெட்டிக்குள் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மற்ற உடல்களுக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று எரிமேடைக்காரர் சொன்னார். ஐரேனுக்கு ஒன்றரை மணி கூட ஆகவில்லை. புகையே இல்லாமல், நிமிர்ந்த வெள்ளைத் தழலாக எரிந்தாள். எரிமேடைக்காரர் அடுப்பின் சாளரத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது என்னங்க, உள்ளே விளக்கு வச்சமாதிரி இருக்கு," என்றார். மாதலேன் வெளியே மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றாள். சாம்பல் ஜாடியை வாங்கிக்கொள்ள மட்டும் உள்ளே வந்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்குக் காத்திராமல் பேருந்து ஏறிப் போய்விட்டாள்.

எட்மோனால் பிறகு ஆய்வறையில் இருக்க முடியவில்லை. அந்த நெடி வரும்போதெல்லாம் யாரோ பின்னால் வந்து நிற்கிற உணர்வு. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போனார். அங்கேயும் பகலில் இரண்டு முறை ஐரேன் என்று கூப்பிட்டதாகக் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு நினைவில்லை. 1985இல் பிரெஞ்சுத் துறைமுகமான மர்சேயிலிருந்த தம்பி லூசியேன் அனுப்பிய குடியேற்றக் காகிதங்கள் வந்து சேர்ந்தன.

புறப்படுவதற்கு முந்தின நாள் பென் தான் சந்தைப் பக்கம் மாதலேன் இருந்த வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் சந்திப்பு. அவள் காப்பி கொடுத்தாள். ஜாடி அலமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"நான் எடுத்துட்டுப் போறேன், மாதலேன். பாதியாவது."

அவள் எழுந்து போய் அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

"எரிச்சது நீங்க, அத்தான். வச்சுக்கப்போறது நான்."

எட்மோன் காப்பியைக் குடித்து முடித்தார். வாசல் வரை வந்து அவள் குடை கொடுத்தாள், மழை ஆரம்பித்திருந்தது.